பட்டியலில் இல்லாத கருவி

"சார், விமானத்த நிறுத்துங்க!" மெக்கானிக் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

மேற்பார்வையாளர், உடைந்த காம்பில் பச்சை டேப் சுற்றிய மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டார். "எதுக்கு? டூல் எல்லாம் எண்ணியாச்சு. இறக்கைப் பேனலை நானும் கூட இருந்துதானே மூடினேன்?"

"எண்ணிக்கையில வராத டூல் சார். பேனல் திருகைத் திருப்ப, ஸ்பூன் காம்பை ராவி நானே செஞ்சது. காணோம். உள்ள வெச்சே மூடிட்டேன் போல."

"சொந்தமா டூல் செய்யக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! வேலை போயிடும்யா!"

"போகட்டும் சார். உள்ள நூத்தம்பது உசுரு. உங்க கால்ல விழறேன், திறக்கச் சொல்லுங்க."

பயணிகளை இறக்கினார்கள். பேனல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். கடைசிப் பேனலுக்குள், இறக்கையின் மடலை அசைக்கும் கம்பியை ஒட்டி ஒரு கருவி கிடந்தது.

மெக்கானிக் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"இன்னியோட உன் சீட்டுக் கிழிஞ்சுது!" மேற்பார்வையாளர் கத்தினார்.

அப்போது கூட வேலை செய்பவன், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி ஓடி வந்தான். "அண்ணே, நீங்க ராவின ஸ்பூன் இதுக்குள்ள இருக்கு. சாப்பிட்டுட்டுப் பழக்கத்துல போட்டு மூடிட்டீங்க!"

மெக்கானிக் எழுந்துபோய், பேனலில் கிடைத்ததைத் திருப்பிப் பார்த்தான்.

அதன் பிடியில் பச்சை டேப் சுற்றியிருந்தது.