பழுதான பேட்ஜ்

கதிர்வீச்சில் அடிபட்ட சிலிக்கான் தகடுகளை இடுக்கியால் எடுத்து, சூடு படாமல் குளிர் உறைபெட்டியில் அடுக்குவது அருளப்பனின் வேலை. உள்ளே போகுமுன், உடம்பில் ஏறும் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜைச் சட்டையிலிருந்து கழற்றி டிராயரில் போட்டுவிடுவான். அளவு ஏறினால் உள்ளே விடமாட்டார்கள். உள்ளே விடாவிட்டால் ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சோறு ஏது? தகடுகளைச் சோதிக்கும் விஞ்ஞானி மைதிலியும் அதைக் கண்டுகொண்டதில்லை. அவர் கவலையெல்லாம் தகடுகளில் கசியும் மின்சாரத்தைப் பற்றித்தான்.

“ஐயோ, இது ரொம்ப அடி வாங்கியிருக்கு அருளப்பன். ஒரு நிமிஷம்கூட வெளிய வைக்காதீங்க, இன்னும் கெட்டுப்போயிடும்.”

மனைவிக்கு மூன்றாவது முறையும் கரு கலைந்த பிறகு, அருளப்பன் பேட்ஜைக் கழற்றவேயில்லை. வருவது வரட்டும் என்று, அடுத்த சோதனைக்கு அனுப்பும்வரை மூன்று மாதமும் அதைக் குத்திக்கொண்டே உள்ளே போய்வந்தான்.

பேட்ஜ்களைச் சோதிக்கும் ஆய்வகத்திலிருந்து அறிக்கை வந்தது. ‘ஆறு வருடமாகப் பூஜ்யம் காட்டியவருக்கு இவ்வளவு வர வாய்ப்பில்லை. பேட்ஜ் பழுது. புதியது அனுப்பியிருக்கிறோம்.’

மைதிலி புதிய பேட்ஜை நீட்டினார்.

“இதையாவது கெடுத்துடாம பத்திரமா வச்சுக்கோங்க” என்றார், டிராயரைத் திறந்துவிட்டபடி.