மூடியைத் திறந்த கை

"யாரோ பெட்டி மூடியைத் திறந்திருக்காங்க" என்றாள் பக்கத்து வீட்டு துர்சுனோய், உடைத்த முட்டையை மதில் மேல் வைத்து வெயிலில் திருப்பிப் பார்த்தபடி. "குஞ்சு முழுசா வளர்ந்திருக்கு பாரு. சவ்வு காஞ்சு காகிதமா ஒட்டிக்கிச்சு. பாவம், வெளிய வர வழியில்லாம உள்ளேயே செத்துப் போச்சு."

பொரிப்புப் பெட்டியில் முஹய்யோ ஆசை ஆசையாக அடுக்கிய நாற்பது முட்டையில் நாலுதான் பொரிந்திருந்தது. இது மூன்றாவது முறை.

"வெப்பமானியை மாத்தினேன். தண்ணிக் கிண்ணம் வத்தவே விடல. புள்ளி வச்சு வச்சு முட்டையைத் திருப்பினேன். கடைசி மூணு நாள் நீங்க சொன்ன மாதிரி பெட்டியைத் தொடவே இல்லக்கா, சத்தியமா!"

"அப்ப யாரு, பேய் வந்து திறந்துச்சா?" துர்சுனோய் முட்டையை முகர்ந்து மூக்கைச் சுளித்தாள். "என்னடி இது, முட்டையில கூட கண்ணேறு கழிக்கிற இஸிரிக் புகை வாசம் அடிக்குது?"

"எங்க வீட்டுல எதுலதான் அடிக்கல? நேத்து புலாவுலயே அடிச்சுது."

இருவரும் சிரித்த சிரிப்பு பாதியில் நின்றது. சமையலறை வாசலில் மாமியார் ஹோஸியத் நின்றிருந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சற்று நேரத்தில் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் போனில் பேசுவது கேட்டது.

"ஞாயித்துக்கிழமை வந்துடுங்க சம்பந்தி. இதுக்கு மேல என்னால தாங்க முடியாது. நேர்ல பேசி ஒரு முடிவு பண்ணிடுவோம். உங்க பொண்ணுகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க."

முற்றம் கூட்டிக்கொண்டிருந்த முஹய்யோவின் கையிலிருந்து துடைப்பம் நழுவியது.

கணவன் இல்ஹோம் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். வீட்டில் இருப்பது இரண்டே பேர். மூடியைத் திறந்தது தான் இல்லை என்றால் வேறு யார்? அடிப்பாவி! குஞ்சுகளைக் கொன்று, ராசியில்லாதவள் என்று பழியையும் தன் தலையில் போட்டு அனுப்பத்தானா இவ்வளவும்?

இல்ஹோமின் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்ட மூத்த மருமகளும் கல்யாணமான ஒரே வருஷத்தில் துணிமணியோடு தாய்வீடு போனவள்தான். ஏன் என்று அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

அன்று மாலை தையற்கூட வேலையிலிருந்து திரும்பியவளை மாமியார் வழக்கம்போல வாசலிலேயே நிறுத்தினாள். தகரத் தட்டில் காய்ந்த இஸிரிக் செடியைப் புகையவிட்டு, மருமகளின் தலையைச் சுற்றி மூன்று தடவை காட்டி, ஏதோ முணுமுணுத்தாள். நேற்றுவரை அது கண்ணேறு கழிக்கிற புகை. இன்று பீடையை விரட்டுகிற புகையாகத் தெரிந்தது. அந்தப் பீடை தானேதான் என்று நினைத்தாள் முஹய்யோ.

இல்ஹோமுக்குப் போன் செய்து அழுதாள். "எங்கம்மா அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க" என்றான். எந்த மகன்தான் அம்மாவை விட்டுக்கொடுத்தான்!

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பிடித்துத் தள்ளுவதற்கு முன்னால் நாமே போய்விடுவது மரியாதை என்று, துணிமணிகளை மூட்டை கட்டி சமையலறையில் ஒளித்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அம்மா கரோமத் வந்து சேர்ந்தாள். துணியில் சுற்றிய ரொட்டியும் ஹல்வாவும் கையில் இருந்தனவே தவிர முகத்தில் ஈயாடவில்லை. மாமியார் அவளை விருந்தாளிக்கான மேல்வரிசை மெத்தையில் உட்காரவைத்தாள். முஹய்யோ விருந்தாளிக்கு ஊற்றும் முறைப்படி அரைக் கோப்பை அரைக் கோப்பையாகத் தேநீர் ஊற்றினாள்.

"நீ போய் அடுப்பைப் பாரும்மா" என்றாள் மாமியார், அவள் முகத்தைப் பார்க்காமலே.

சமையலறைக்குப் போனவள் அடுப்பைப் பார்க்கவில்லை. காலடியில் மூட்டையோடு கூடத்துப் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றாள்.

"சொல்லுங்க சம்பந்தி. என் பொண்ணு என்ன தப்பு பண்ணினா?" அம்மா கேட்டாள்.

"அவ ஒரு தப்பும் பண்ணல. பண்ணினது நான். பெட்டி மூடியைத் திறந்தது நான்தான்." மாமியார் மூச்சு வாங்கினாள். "அவ வேலைக்குப் போனதும் தினமும் திறந்து உள்ள இஸிரிக் புகை காட்டினேன். பச்சைக் குழந்தைக்குக் காட்டுவோமே, அந்த மாதிரி. ஆசையா வச்ச முட்டை, ஊரு கண்ணு படக் கூடாதேன்னு. அதுவே கொன்னுடும்னு எனக்கு எங்க தெரிஞ்சுது? பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிஞ்சுது. மூணு தடவை, சம்பந்தி. மூணு தடவையும் நான்தான்."

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்தே விட்டாள்.

"அட அல்லாவே, இதுக்கா என்னை இப்படிப் பதறவச்சு வரவழைச்சீங்க? அவகிட்டயே சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சே!"

திரைக்கு அந்தப் பக்கம் மாமியாரின் விசும்பல் கேட்டது.

"பயமா இருக்கு சம்பந்தி. நீங்கதான் அவகிட்ட பதமா எடுத்துச் சொல்லணும். மூத்தவ மாதிரி இவளும் என்னை விட்டுட்டுப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"