இடம் பிடித்தவர்கள்

"பிரபுக்களைக் கிண்டல் பண்ற நாடகமா? ஒருத்தனும் வரமாட்டான். கொட்டகைச் செலவை உன் தலையிலதான் கட்டுவேன்," என்றார் லண்டன் நாடகக் கொட்டகை முதலாளி டாலிவர்.

வருஷத்தில் ஒருநாளை ஒரு நடிகருக்கு என்று விடுவது அந்தக் காலத்துக் கொட்டகை வழக்கம்; அன்று நடிகை டார்கஸின் நாள். டிக்கெட்டை அவளே விற்க வேண்டும். லாபமும் நட்டமும் அவளுக்கே.

"கட்டுங்க. நாடகத்தை மாத்தமாட்டேன்."

மதியமே பிரபு வீட்டு வேலைக்காரர்கள் வந்து, பிரபுக்கள் உட்காரும் மாடத்து இருக்கைகளை நிரப்பினார்கள். எஜமானர்களுக்கு இடம் பிடிப்பது அவர்கள் வழக்கம்தானே! பிரபுக்களை வரவேற்க டாலிவர் வாசலில் போய் நின்றார்.

மணியும் அடித்தாயிற்று. ஒரு பிரபுவும் வரவில்லை. வேலைக்காரர்கள் எழுந்திருக்கவும் இல்லை.

"எங்கடா உங்க எஜமானருங்க?" டாலிவர் மாடத்துக்கே ஓடிவந்து கத்தினார்.

"அவங்க வரமாட்டாங்க," என்றான் ஒருவன், சாவகாசமாகக் காலை நீட்டிக்கொண்டு. "இது நாங்க எங்க காசுல வாங்கின டிக்கெட்டு. கொஞ்சம் மறைக்காம தள்ளி நில்லுங்க!"