கீழே வைத்த கோப்பை

அவர் கோப்பையைத் தரையில் வைத்தார்.

கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது.

சுவரோரம் மெத்தைகளில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அரபுக் காப்பியான காவாவை ஊற்றிக்கொண்டிருந்தவர் கெண்டியைப் பிடித்தபடியே நின்றார். எதிரே இருந்த அரபு அமைச்சரின் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பைக் காணோம்.

என்ன தப்பு செய்தோம் என்று கோப்பையை வைத்தவருக்கு விளங்கவில்லை.

அவர் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. வாசலில் அவருடைய டிரைவரும் காவலரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இன்னும் காவா போகவில்லை. போகட்டும், பிறகு குடிக்கலாம் என்று வைத்தார். அவ்வளவுதான்.

வாழ்நாளில் பாதிக்கு மேல் ராணுவம். பனிமலையானாலும் சரி, பாலைவனமானாலும் சரி, கடைசி ஜவானுக்கு டீ போய்ச் சேரும்வரை அவர் டீயைத் தொட்டதில்லை. ஜெனரலாக ஓய்வு பெற்றவரை இந்த வளைகுடா நாட்டுக்குத் தூதராக அனுப்பிவைத்தார்கள். சீருடை போய் கோட்டு வந்தது. பழக்கம் மட்டும் போவேனா என்கிறது.

மொழிபெயர்ப்பாளர் புகாரி அவர் காதருகே குனிந்தார். காயல்பட்டினத்துக்காரர். இந்த ஊரிலேயே தாடி நரைத்தவர்.

"குடிக்காம கீழ வச்சிட்டியளே ஐயா. ஒரு காரியம் கேட்டு வந்திருக்கேன், தந்தாத்தான் குடிப்பேன்னு இங்க அதுக்கு அர்த்தம். பொண்ணு கேக்கவும் இப்படித்தான், கொலைக்கு மன்னிப்பு கேக்கவும் இப்படித்தான். அவரு 'குடிங்க'ன்னு சொல்லிட்டா தந்துட்டாருன்னு அர்த்தம்."

தெரியாமல் வைத்துவிட்டேன் என்று சொல்லத் தூதர் வாயெடுத்தார்.

சொல்லியிருந்தால் முடிந்தது. எல்லோரும் சிரித்திருப்பார்கள். அயல்நாட்டுக்காரர், பாவம், என்று சூடாக இன்னொரு கோப்பை வந்திருக்கும்.

சொல்லவில்லை.

கேட்பதற்கு அவரிடம் ஒன்று இருந்தது.

இந்த ஊர்ச் சிறையில் குமரிக் கடற்கரை மீனவர்கள் சிலர் கிடந்தார்கள். பக்கத்து நாட்டு அரபி முதலாளியின் படகில் கூலிக்குப் போனவர்கள். கடல் எல்லை தாண்டினார்கள் என்று இங்கே பிடித்துப் போட்டுவிட்டார்கள். அவர்களில் சிலுவைதாசனுக்குச் சர்க்கரை. கால்விரல் கறுத்துவிட்டது. இன்னும் தாமதித்தால் காலையே எடுக்க வேண்டும் என்று சிறை மருத்துவரே சொல்லிவிட்டார்.

பார்க்கப் போனபோது சிலுவைதாசன் ஒன்றுதான் கேட்டார்: "எப்பம் ஐயா?"

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். இந்த உத்தியோகத்தில் கற்றுக்கொண்ட வார்த்தை. சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போல அன்று முழுக்க இருந்தது.

இங்கே புறப்படும் முன்புதான் மேலிடத்திலிருந்து போன். இந்த நாட்டோடு துறைமுக ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை மீனவர் பேச்சை எடுக்கவே கூடாது. எடுத்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்பதையும் நயமாகச் சொல்லிவிட்டார்கள்.

உத்தரவு.

ஒரு உத்தரவையும் அவர் மீறியதில்லை. பிடிக்காத உத்தரவுக்கும் விறைப்பாக நின்று 'சரி' என்றவர்தான்.

அமைச்சர் கையை விரித்துச் சைகை காட்டினார். கேளுங்கள்.

தூதர் கோப்பையைப் பார்த்தார். எடுத்து ஒரு வாய் குடித்தால் உத்தியோகம் பிழைத்தது.

"புகாரி, நான் சொல்லச் சொல்ல அவருக்குச் சொல்லுங்க."

பேர் பேராகச் சொன்னார். சிலுவைதாசன். ததேயூஸ். சூசைமிக்கேல். தொபியாஸ். எந்தத் தாளையும் பார்க்கவில்லை. தன் படையின் ஆட்களை அப்படித்தான் அவருக்குத் தெரியும். எல்லாப் பெயரும் முடிந்ததும், இவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்.

 புகாரி ஒரு பெயரையும் விடாமல் அரபியில் சொன்னார்.

அமைச்சர் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். புகாரி அதை மெல்லச் சொன்னார்.

"கேக்குறது அரசாங்கமா, நீங்களான்னு கேக்குறாரு. அரசாங்கம்னே சொல்லிருங்க ஐயா. நாளைக்கு உங்க தலையில விடியக் கூடாது."

அதுதான் புத்திசாலித்தனம். பழி அரசாங்கத்தின் மேல் போய்விடும்.

"பொய் சொல்ல முடியாது. நான்தான் கேக்குறேன்னு சொல்லுங்க."

புகாரி சொன்னார்.

வாழ்க்கையில் எத்தனையோ பேரைத் தூதர் ஏவியிருக்கிறார். ஒருவரிடமும் இப்படிக் கையேந்தியதில்லை. காது இரண்டும் சுட்டன. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

அமைச்சர் எழுந்தார். கூடமும் எழுந்தது. தூதரின் முன்னால் வந்து மண்டியிட்டு, தரையில் இருந்த கோப்பையைத் தன் கையால் எடுத்து நீட்டினார்.

"குடியுங்கள்."

அந்த ஒரு அரபுச் சொல் அவருக்கே புரிந்தது.

காவா ஆறிப்போய்க் கசந்தது. ஒரே மூச்சில் குடித்தார். பக்கத்தில் புகாரி கூச்சமே இல்லாமல் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மீனவர்கள் வெள்ளிக்கிழமை விமானத்தில் ஏறினார்கள்.

சிலுவைதாசன் கட்டுப் போட்ட காலை இருக்கையோர நடைவழியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். விரல் ஒன்று போயிருந்தது. கால் இருந்தது.

தூதர் மாளிகையின் சாவியைக் காலையில் ஒப்படைத்துவிட்டு வந்த அவருக்கும் அதே வரிசையில்தான் இடம். பார்த்ததும் சிலுவைதாசன் பதறி எழப் பார்த்தார். தூதர் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"ஐயாவும் ஊருக்கா? லீவா?"

"ஆமா."

"நல்லது ஐயா. வீட்ல எல்லாரும் சந்தோசப்படுவாவ."