மண்ணுக்கடியில் விளைந்தது

"வெங்காயம்," என்றார் டாக்டர் தேசாய்.

சார்மி நாயின் முதுகில் கை வைத்தாள். மேசைமேல் படுத்திருந்த சுக்டி, தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று புரிந்ததுபோல் வாலை ஒப்புக்கு ஒருமுறை ஆட்டியது.

"ஈறைப் பாருங்க, எப்படி வெளுத்துக் கெடக்கு. நாலஞ்சு நாளைக்கு முன்னாடி தின்னிருக்கு. நாய்க்கு அது விஷம்மா. ஊசி போட்டிருக்கேன், பொழச்சுக்கும்."

அதைக் கேட்டதும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்தில் நின்ற மாமனாரின் முகத்தைப் பார்த்ததும் மறுபடியும் போய்விட்டது.

வெங்காயம், பூண்டு, உருளை, கேரட் என்று மண்ணுக்கடியில் விளைகிற எதுவும் மாமனார் கீர்த்திபாய் ஷாவின் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. அதிலும் இது பர்யுஷணம், ஜைனர்களின் விரத வாரம். பச்சைக் காய்கூடக் கிடையாது, பருப்பும் ரொட்டியும்தான். மாமியார் நிருபாபென் மூன்று நாளாகக் காய்ச்சிய தண்ணீரைக் குடித்தே விரதம் இருக்கிறார்.

அந்த வீட்டில் வெங்காயம் தின்று வளர்ந்த ஒரே ஆள் சார்மி. ஆனந்த் என்ற ஊரிலிருந்து வந்த பட்டேல் வீட்டுப் பெண். கல்யாணமானபோது சீரோடு சீராக நாயையும் கூட்டி வந்தாள். நாங்கள் தின்பதைத்தான் அதுவும் தின்ன வேண்டும் என்று மாமனார் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

சுக்டிக்கு அதில் குறையே இல்லை. நெய் ரொட்டி தின்று திண்டு மாதிரி ஆனது. போன மாதம் இதே டாக்டர்தான், நெய்யை நிறுத்துங்கள், காய்கறி கொடுங்கள், கேரட் ரொம்ப நல்லது என்றார். கேரட் என்றதும் மாமியார் காதைப் பொத்தாத குறை. சுரைக்காயோடு சமாதானம் ஆனது.

வெங்காயம் ஆகாது என்று அன்றைக்கு டாக்டர் சொல்லவே இல்லை. ஜைன வீட்டில் போய் அதைச் சொல்வானேன் என்று விட்டிருப்பார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் சார்மி யோசித்துக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சார்மியின் அண்ணன் வந்து போயிருந்தான். பையில் பூண்டு சேவ் பொட்டலம் இருந்தது. படியேறும் முன்பே அதைத் திருப்பிக் காருக்கு அனுப்பிவிட்டாள். ஆனால் அண்ணன் சுக்டியோடு தெருவில் கொஞ்சநேரம் விளையாடினானே. அவன் ஏதாவது கொடுத்திருப்பானோ. போனில் கேட்டால் சத்தியம் செய்கிறான். மாமனார் நம்ப வேண்டுமே.

அன்றைக்கு சம்வத்சரி, விரத வாரத்தின் கடைசி நாள். யாரையும் கடிந்து பேசக்கூடாத நாள். அதனால் கீர்த்திபாய் கடிந்து பேசவில்லை, அன்பாகவே சொன்னார்.

"உன்னை ஒண்ணும் சொல்லல பேட்டா. நாளைக்கு உங்க அண்ணனை வரச் சொல்லு. நாய் ஆனந்துலயே இருக்கட்டும். அதுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

திட்டியிருந்தால் தேவலை. திட்டினால் பதில் பேசலாம். கணவன் ஜைனம் செருப்பு ஸ்டாண்டை ஒழுங்குபடுத்தப் போய்விட்டான். அப்பா பேசும்போதெல்லாம் அவனுக்குச் செருப்பு ஞாபகம் வந்துவிடும்.

சாயங்காலம் பிரார்த்தனை முடிந்து திரும்பியதும், வீட்டில் ஒருவருக்கொருவர் கைகூப்பினார்கள். ஒரு வருஷமாகத் தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்கிற வழக்கம். "மிச்சாமி துக்கடம்," என்றார் மாமனார். "மிச்சாமி துக்கடம்," என்றாள் சார்மியும். செய்யாத பிழைக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டோமே என்று எரிச்சலாக இருந்தது.

சுக்டியின் துணிமணிகளை, அதாவது அதன் போர்வையையும் ஸ்வெட்டரையும், எடுத்து வைக்கலாமென்று பால்கனிப் பக்கம் போனாள்.

அங்கே மாமியார் தரையில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் பட்டினியில் தலை லேசாக ஆடியது. எதிரே சுக்டி. மாமியார் அதற்குக் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

எல்லா உயிரிடமும் கேட்க வேண்டும் என்பதுதானே முறை என்று சார்மி ஒதுங்கி நின்றாள். ஆனால் மாமியார் எழுந்திருக்கக் காணோம். நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"காய் இல்லாம தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தியே. எனக்கு மனசு கேக்கல. வண்டிக்காரன்கிட்ட கேரட் கேட்டேன், தீந்துபோச்சுன்னான். மண்ணுக்கடியில வெளையறது வேற எதாச்சும் குடுன்னேன். எங்களுக்கு ஆகாததெல்லாம் உனக்கு நல்லதுன்னு நெனச்சேன்டா."

சார்மி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

மாமியார் திரும்பிப் பார்த்தார். முகம் சிவந்துபோனது. பிறகு, நாய்க்குக் கூப்பியிருந்த கையை அப்படியே மருமகள் பக்கம் திருப்பினார்.

"டாக்டர் சொன்னன்னிக்கே கேட்டிருக்கணும், எது ஆகும், எது ஆகாதுன்னு. இது எங்கயும் போகாது, பேட்டா. உங்க மாமாகிட்ட இப்பவே போய் நானே சொல்லிடறேன்."

சார்மி பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டுமே வந்தது.

"வாங்கினதுதான் வாங்கினீங்க. நீங்களே நறுக்கினீங்களா மம்மி?"

"மொட்டை மாடியில வெச்சு, புதுக் கத்தியில," என்றார் மாமியார் தாழ்ந்த குரலில். "கத்தி வெச்சதுமே கண்ணுல தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டிடுச்சு. இத்தனை வயசுல இப்படியொரு பாவம் பண்றோமேன்னு மனசு அழுவுது போலன்னு நெனச்சேன்."