நடந்து காட்டுங்க அங்கிள்

“உங்க சம்சாரம் பேர் என்ன அங்கிள்?”

நர்ஸ் ஆஞ்சலா இரண்டாவது முறையாகக் கேட்டாள். நாராயணசாமி சுழலும் மின்விசிறியையே வெறித்துப் பார்த்தார். வாய் திறந்தது, மூடியது.

“ஷில்பா,” என்றார் கடைசியில்.

ஆஞ்சலாவின் முகம் வாடியது. நாராயணசாமிக்கோ உள்ளுக்குள் குளிர்ந்தது. மன்னிச்சுக்கோ தனக்கோடி என்று, போய்ச் சேர்ந்த மனைவிக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டார். ஷில்பா, மருமகள் பார்க்கும் சீரியலில் வருகிற வில்லி. அவசரத்துக்கு வேறு பெயர் அகப்படவில்லை.

எண்பத்தாறு வயதில் இப்படி நாடகமாட அவருக்கு மட்டும் ஆசையா என்ன? “ஒரு இடம் பாத்துட்டு வரலாம், கெளம்புங்கப்பா” என்று காலையில் மகன் ராஜேந்திரன் சொன்னபோதே சந்தேகம் வந்துவிட்டது. அவர்கள் குடியிருக்கும் ஜீவனஹள்ளியில் எதிர் வீட்டு ஸ்ரீகண்டனிடமும் அவர் பிள்ளை இதையேதான் சொல்லிக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். ஸ்ரீகண்டன் ஏதோ ஒரு முதியோர் ஹோமில் இருப்பதாகக் கேள்வி. அவருடைய அறையை வாடகைக்கு விட்டுவிட்டார்கள்.

ஊர்க்கோடியில் சந்தாபுராவைத் தாண்டி, கார் இந்த வளாகத்துக்குள் நுழைந்ததும் சந்தேகம் தீர்ந்தது. பார்த்த இடமெல்லாம் நரைத்த தலைகள். மேனேஜர் கோவிந்தப்பா ஒரு ஃப்ளாட்டைத் திறந்து சுற்றிக் காட்டினார். கட்டிலுக்குப் பக்கத்தில் அவசர மணி, குளியலறைச் சுவரில் கைப்பிடி, கீழே சாப்பாட்டுக் கூடம், அதற்கடுத்து பிசியோதெரபி அறை.

போன வருஷம் ரிட்டையரான ராஜேந்திரன், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இரண்டு முறை உட்கார்ந்து எழுந்து பார்த்தான். மருமகள் ஷோபா, “எந்த ரூம்ல வெயில் நல்லா வரும்?” என்று கேட்டாள். கிழவனைத் தள்ளிவிடுவதில் எவ்வளவு அக்கறை பாரு என்று நாராயணசாமி பல்லைக் கடித்தார். ஆனால் வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

அப்போதுதான் கோவிந்தப்பா அந்த விஷயத்தைச் சொன்னார்.

“ஒண்ணே ஒண்ணு சார். இங்க தன் வேலையைத் தானே பாத்துக்கறவங்க மட்டும்தான் இருக்கலாம். நடையும் ஞாபகமும் சரியா இருக்கணும். நர்ஸ் டெஸ்ட் பண்ணுவாங்க. கூட வந்தவங்க வெளிய இருக்கணும், எடுத்துக் குடுக்கக் கூடாது.”

“தேறலன்னா?” ராஜேந்திரனின் குரல் இறங்கியிருந்தது.

“எடுத்துக்க மாட்டோம் சார். ரூல்ஸ்.”

கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்று நாராயணசாமி நினைத்தார்.

“நடந்து காட்டுங்க அங்கிள்,” என்றாள் ஆஞ்சலா. காலையில் மார்க்கெட் வரை போய்க் கீரை வாங்கி வந்த கால்கள், மேஜையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடின. செவ்வாய்க்கிழமையை ஞாயிறு என்றார். “உங்களைக் கூட்டிட்டு வந்தது யாரு?” என்று கேட்டதற்கு, “யாரோ தெரிஞ்சவரு” என்றார். அதைச் சொல்லும்போது நாக்கு குழறியது. அது மட்டும் நடிப்பில்லை.

ஆஞ்சலா மகனையும் மருமகளையும் உள்ளே கூப்பிட்டு விவரம் சொன்னாள்.

“வீட்ல நல்லாத்தானே இருந்தாரு சிஸ்டர்?” ராஜேந்திரன் நம்பவில்லை.

“பழகின வீட்ல வெளிய தெரியாது சார். புது இடத்துக்கு வந்தாத்தான் தெரியும்.”

“போன வாரம் கேட்டைப் பூட்டாமயே படுத்துட்டாருங்க,” என்று ஷோபா மெல்லச் சொன்னாள். ராஜேந்திரன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

நாராயணசாமிக்கு ஒரே கொண்டாட்டம். பரிதாபமாக முகத்தை வைத்துக்கொண்டு, “வீட்டுக்குப் போலாமா?” என்றார்.

“எந்த வீட்டுக்குப்பா?” ராஜேந்திரனின் கண்கள் கலங்கியிருந்தன. “என் முட்டியும் போச்சு, ஷோபாவுக்கும் முடியல. நம்ம வீட்டு மாடிப்படி ஏற எங்களால ஆகலப்பா. வீட்டை வித்துட்டு நாங்க ரெண்டு பேரும் இங்க வந்துடறோம். உங்களையும் எங்ககூட வெச்சுக்க விடுவாங்களான்னு கேக்கத்தான் கூட்டிட்டு வந்தேன். மொதல்லயே சொன்னா வருத்தப்படுவீங்க, இடத்தைப் பாத்துப் பிடிச்சப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

“வெயில் வர்ற ரூம் மாமாவுக்குன்னு வெச்சிருந்தேனே,” என்று ஷோபா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“கவலப்படாதீங்க,” என்றாள் ஆஞ்சலா. “மறதி இருக்கறவங்களுக்குன்னே தனி ஹோம் இருக்கு. நல்லாப் பாத்துக்குவாங்க.”

நாராயணசாமி விருட்டென்று எழுந்தார்.

“டேய் ராஜேந்திரா, நான் நடிச்சேன்டா! இன்னிக்கு செவ்வாக்கெழமை. உங்கம்மா பேரு தனக்கோடி. ஷில்பா அந்த சீரியல்காரி! எனக்கு ஒண்ணும் இல்லடா, இங்க பாரு!”

கதவு வரை விறுவிறுவென்று நடந்து, எதையும் பிடிக்காமல் திரும்பி வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றார். ராஜேந்திரன் ஆவலோடு ஆஞ்சலாவைப் பார்த்தான்.

அவள் பரிவோடு பெரியவரின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“இது இப்படித்தான் சார், நடுநடுவுல நல்லாத் தெளிஞ்சிடும்.”