அசல் அசடு

சென்னையில் டிவி நகைச்சுவைத் தொடர் எழுதும் லியோனுக்கு, பாளையங்கோட்டைக்கு வர ஒரு வருடமாகவே பயம். தொடரின் கதாநாயகன் கம்ப்யூட்டரே கதியென்று கிடக்கும் அசடு. பெண்களைக் கண்டால் உளறுவான். கல்லூரி விடுதியில் தன்னோடு ஒரே அறையில் இருந்த ஜோன்ஸை மனதில் வைத்துத்தான் லியோன் அவனை எழுதியிருந்தான்.

கடைசியில் மன்னிப்புக் கேட்டுவிடத் துணிந்து, வருவதாகப் போனில் சொல்லிவிட்டு, பாளையங்கோட்டையில் ஜோன்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"வா லே! உன் தொடரை ஒரு வாரம்கூட விடமாட்டோம்" என்று ஜோன்ஸ் கட்டிக்கொண்டான்.

"கோவம் இல்லையா லே? அதுல வாரது..."

"எனக்கு எதுக்குலே கோவம்? பஸ்ல ஒருத்தி மணி கேட்டதுக்கு, கடிகாரம் எப்படி ஓடுதுன்னு வண்ணார்பேட்டை வரைக்கும் விளக்கினியே! நான் பக்கத்துலதானே நின்னேன். அதை அப்படியே எழுதிப்புட்டியே! உன்னையே இப்படிக் கேலி பண்ண எவ்வளவு தைரியம் வேணும்!"

லியோன் யோசித்துப் பார்த்தான். பஸ்ஸில் கடிகாரத்தை விளக்கியது அவனேதான்.

ஜோன்ஸின் மனைவி டெபோரா காபியோடு வந்தாள்.

"ஒவ்வொரு வாரமும் உங்களை நினைச்சுப் பாவமா இருக்கும், அண்ணே. என்கூட வேலை பாக்குற ஒரு நல்ல பொண்ணுகிட்ட, தொடர்ல வாரது நீங்கதான்னு பைய எடுத்துச் சொல்லி, உங்களைப் பாக்கச் சம்மதிக்க வச்சிருக்கேன். உள்ளதான் இருக்கா. கூப்பிடட்டுமா?"

லியோன் அவசரமாகச் செருப்பைத் தேடினான்.